லேக் வியூ சாலையில் ஏரி எங்கே?

எங்கள் பள்ளியிலிருந்து முதன்முதலாக மூன்று மாணவர்களை வினாடி வினாப் போட்டிக்கு அழைத்துச் சென்றபோது, அதற்காக நான் செய்த ஒரே ஏற்பாடு பொது அறிவுக் கைடு ஒன்று வாங்கியதுதான். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் கையில் பார்ப்போமே, அந்தத் தடித்த புத்தகம். நாடும் தலைநகரும், நூலும் ஆசிரியரும், முதல் பெண், முதல் ஆண் என்று ஒரு மாதம் மனப்பாடம் செய்ய வைத்தேன். மூவருமே வகுப்பில் முதல் மதிப்பெண் எடுப்பவர்கள். சலிக்காமல் ஒப்பித்தார்கள்.

போட்டி மயிலாப்பூரில். எழுத்துச் சுற்றில் 20 கேள்விகள், எல்லாம் ஆங்கிலத்தில். எங்களுக்குக் கிடைத்தது 3 மதிப்பெண். மேடையேறிய ஆறு அணிகளைப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திரும்பினோம். பேருந்தில் ஒரு மாணவி சொன்னாள்: "மிஸ், அவங்க தலைநகரமே கேட்கல."

அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஓராண்டு பிடித்தது.

நம் நாட்டில் பொதுமக்களுக்கான வினாடி வினாவைத் தொடங்கி வைத்தவர் என்று கொல்கத்தாவின் நீல் ஓ'பிரையனைச் சொல்வார்கள். 1967இல் அங்கே ஒரு தேவாலய அரங்கில் நடத்தினார். பள்ளிகளுக்கு இதைக் கொண்டுசேர்த்தது போர்ன்விட்டா வினாடி வினா. 1972இல் தொடங்கி, வானொலியில் வளர்ந்து, 1992 முதல் தொலைக்காட்சியில் வந்தது. தொலைக்காட்சியில் அதை நடத்திய டெரெக், நீல் ஓ'பிரையனின் மகன். அங்கே தந்தையும் மகனும் என்றால், சென்னையில் தாயும் மகனும். சரண்யா ஜெயக்குமார் இங்கே பல ஆண்டுகள் வினாடி வினா நடத்தியவர். அவருடைய மகன், கண் மருத்துவர் நவீன் ஜெயக்குமார், லேண்ட்மார்க் புத்தகக் கடையின் பெயரில் ஆகஸ்ட் 15 தோறும் நடந்த போட்டியின் வினாத் தொகுப்பாளர். மியூசிக் அகாடமி அரங்கில் பள்ளி மாணவரும் கல்லூரி மாணவரும் வேலையில் இருப்பவர்களும் ஒரே வினாத்தாளை எழுதுவார்கள். சென்னைப் பள்ளி அணிகள் பல அப்படிப்பட்ட அரங்குகளில் தோற்றுத் தோற்றுத்தான் தேறின.

இந்த மரபில் ஒரு வழக்கம் உண்டு. நேரடியாகத் தெரிந்தால் மட்டும் சொல்லக்கூடிய கேள்வியை மட்டமாக நினைப்பார்கள். குறிப்புகளைக் கோத்து யோசித்தால் விடைக்கு வந்துசேர முடிகிற கேள்விக்குத்தான் மதிப்பு. 'வினாடி வினா' என்று நாம் வைத்த பெயரிலேயே அவசரம் இருப்பதால் இது நமக்குச் சட்டென்று பிடிபடுவதில்லை என்று எனக்குத் தோன்றும்.

அடுத்த ஆண்டு கைடை அலமாரியில் வைத்துவிட்டு நானே கேள்வி எழுதத் தொடங்கினேன். அதில் முதலாவது, பள்ளிக்கு வரும் வழியில் கிடைத்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை இருக்கிறது. அங்கே எங்கே நின்று பார்த்தாலும் ஏரி தெரியாது. பின் ஏன் அந்தப் பெயர்? எட்டாம் வகுப்பில் கேட்டேன். பத்து நிமிடம் சத்தம். கடைசியாக, தி. நகரில் அப்பாவுடன் மாலையில் வண்டிக்கடையில் நிற்கும் ஒரு மாணவன், "ஏரியைத் தூர்த்துட்டுத்தான் தி. நகரே கட்டியிருப்பாங்க மிஸ். அதான் மழைக்குத் தண்ணி நிக்குது" என்றான். சரிதான். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரியை 1920களில் தூர்த்துத்தான் தியாகராய நகரை உருவாக்கினார்கள். அவன் அதைப் படித்ததில்லை, யோசித்துப் பிடித்தான். மதிப்பெண் பட்டியலில் அவன் பெயர் கடைசி ஐந்தில் இருக்கும். அன்றே அணியில் சேர்த்தேன்.

அவனுக்காகவே அடுத்த கேள்வியை எழுதினேன். பிட்டி தியாகராயர், பனகல் அரசர், டி.எம். நாயர், நடேசனார், உஸ்மான்: தி. நகரின் பெயரிலும் பூங்காக்களிலும் சாலைகளிலும் இருக்கும் இவர்களை இணைப்பது எது? பத்தாம் வகுப்புப் பாடத்தில் நீதிக்கட்சியைப் படித்த மாணவிக்குக் கட்சி தெரியும், தெருக்கள் தெரியாது. இவனுக்குத் தெருக்கள் அத்தனையும் தெரியும், கட்சி தெரியாது. இருவரும் தலையைச் சேர்த்துக்கொண்டு விடை சொன்னார்கள். மூன்று பேர் கொண்ட அணி எதற்கு என்பது அன்றுதான் எனக்கே விளங்கியது.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் 'குவிஸ் பவுல்' என்று ஒரு போட்டி இருக்கிறது. 1953இல் வானொலியில் தொடங்கிய கல்லூரிப் போட்டியின் வழியில் வந்தது. அணிக்கு நால்வர். ஒவ்வொரு கேள்வியும் ஒரு பத்தி நீளம். மிகக் கடினமான குறிப்பு முதலில், எளியது கடைசியில். எந்த இடத்திலும் மணியை அழுத்தி விடை சொல்லலாம். பிரமிடு அமைப்பு என்பார்கள். வகுப்பறைக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் எனக்குத் தெரியவில்லை. நான் எழுதிய ஒன்று:

"இவர் 1910இல் லாகூரில் பிறந்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தார். இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில் இவர் குடும்பத்தின் வீடு இருந்தது. 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே நட்சத்திரங்களின் முடிவு பற்றிக் கணக்குப் போட்டார். சூரியனைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு நிறை என்னும் எல்லைக்கு இவர் பெயர். 1983இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார். 1999இல் நாசா விண்ணில் செலுத்திய எக்ஸ்ரே தொலைநோக்கிக்கு இவர் பெயரின் முற்பகுதியே பெயர். சர் சி.வி. ராமனின் அண்ணன் மகன். யார்?"

இரண்டாவது வரியில் மணி அடிப்பவரும் உண்டு, கடைசி வரியில் அடிப்பவரும் உண்டு. மெல்லக் கற்கும் மாணவருக்கும் கடைசி வரி வரை ஓர் இடம் இருக்கிறது. விடை சொல்லாதவர்களும் சந்திரசேகரைப் பற்றி எட்டுச் செய்திகளோடு எழுந்து போகிறார்கள். இதைப் பாடம் நடத்தியதாகவே நான் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன்.

மேடைச் சுற்றுகளின் விதிமுறையையும் சொல்லிவிடுகிறேன், பள்ளியில் நடத்துவோருக்கு உதவும். முன்பெல்லாம் ஒவ்வோர் அணிக்கும் ஒரு கேள்வி. தெரியாவிட்டால் அடுத்த அணிக்குப் போகும். இதில் வலுவில்லாத அணிக்கு அடுத்து உட்கார்ந்தவர்களுக்கு யோகம். இப்போது பல இடங்களில், ஒரு கேள்விக்கு எந்த அணி விடை சொன்னதோ அதற்கு அடுத்த அணியிடமிருந்து புதிய கேள்வி தொடங்குகிறது. உட்காரும் இடத்தின் அதிர்ஷ்டம் பெரும்பாலும் அடிபட்டுப் போகிறது. உறுதியாகத் தெரிந்த அணி, கேள்வி சுற்றத் தொடங்கும் முன்பே சீட்டில் எழுதிக் கொடுக்கலாம். சரியென்றால் மதிப்பெண், தவறென்றால் கழிவு.

இந்தக் கழிவில்தான் நாங்கள் அடிபட்டோம். மூன்றாம் ஆண்டு முதன்முறையாக ஒரு போட்டியில் மேடையேறினோம். என் மாணவன் இரண்டு முறை துணிந்து எழுதிக் கொடுத்தான், இரண்டும் தவறு. அரங்கில் யாரோ சிரித்தார்கள். அதன்பின் சரியான விடை தெரிந்த கேள்விக்கும் அவன் கை எழவில்லை. ஆறாவது இடம். பிறகு இரண்டு வாரம் மன்ற வகுப்புக்கே வரவில்லை. தவறான விடைக்கு வீட்டிலும் வகுப்பிலும் அடியோ ஏச்சோ வாங்கிப் பழகிய பிள்ளைக்குக் கழிவு மதிப்பெண் என்பது எண் மட்டும் அல்ல என்பதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். இப்போது எங்கள் பள்ளிப் போட்டிகளில் கழிவு கிடையாது. தவறான விடை சொன்னவர் அந்த விடைக்கு எப்படி வந்தார் என்று விளக்கினால் அரை மதிப்பெண் கொடுக்கிறேன். வெளிப் போட்டிக்குப் போகும் அணிக்கு மட்டும் கடைசி இரண்டு வாரம் கழிவோடு பயிற்சி.

மொழிச் சிக்கல் தீரவில்லை. ஆங்கிலக் கேள்வியை மூவரில் ஒருவர் தாழ்ந்த குரலில் தமிழில் சொல்ல, மற்ற இருவர் யோசிப்பது என்று ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். நேரம் போகிறதுதான். நம் துறை அரசுப் பள்ளிகளில் நடத்தும் வினாடி வினா மன்றத்தில் தமிழிலேயே கேட்கவும் யோசிக்கவும் முடிவது எங்களுக்கு வேறு விளையாட்டு போல இருக்கிறது. அந்த மேடைகளில் இரண்டு முறை பரிசும் பெற்றிருக்கிறோம். தனியார் போட்டிகளில் எங்கள் மிகச் சிறந்த இடம் இதுவரை நான்காவது.

வண்டிக்கடை மாணவன் இப்போது மேல்நிலை வகுப்பில். அணியில் இல்லை, கேள்வி எழுதிக் கொடுக்கிறான். போன வாரம் கொண்டுவந்தது: "அடையாறு தியசாபிகல் சொசைட்டி ஆலமரத்தின் அடிமரம் 1989இல் புயலில் சாய்ந்துவிட்டது. அடிமரம் போன பின்னும் மரம் எப்படி உயிரோடு நிற்கிறது?"

ஆறாம் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். பின்வரிசையில் ஒரு சிறுமி எழுந்து, "விழுது மண்ணைத் தொட்டிருக்கும்ல, மிஸ்?" என்றாள். அடுத்த அணிக்கு மூன்றாவது ஆளைத் தேடிக்கொண்டிருந்தேன்.