காட்டுப்பன்றியின் தசையில் உறங்கும் புழு

1835-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் மருத்துவ மாணவராயிருந்த ஜேம்ஸ் பேஜட், பிரேதப் பரிசோதனையொன்றின்போது, மணல் தூவினாற்போல் தசையெங்கும் விரவிக் கிடந்த வெண்புள்ளிகளை உற்றுநோக்கி, ஒவ்வொன்றினுள்ளும் ஒரு நுண்புழு சுருண்டு உறங்குவதைக் கண்டார். டிரிக்கினெல்லா என்று நாம் இன்று வழங்கும் அப்புழு மனிதரைக் கொல்லவல்லது என்பதை 1860-இல் டிரெஸ்டன் நகரத்து வைத்தியர் சென்கர் நிறுவினார். ஐந்தே ஆண்டுகளில், ஹெடர்ஸ்லேபன் என்னும் ஜெர்மானியக் கிராமத்தில், வளர்ப்புப் பன்றியின் மாமிசத்தை உண்டவர்களில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் நோயுற்று, ஏறத்தாழ நூறு பேர் மாண்டனர். பின்னர் இறைச்சிப் பரிசோதனை கட்டாயமாகவே, தொழுவத்துப் பன்றிகளிடையே புழு அருகியது. ஆனால் ஐரோப்பியக் காடுகளில் அது இன்றளவும் வாழ்கிறது.

காட்டுக்கு மனிதன் செய்தது

காட்டுப்பன்றியை அசுத்தப் பிராணி என்று இகழ்வோர் பலர். அதனினும் அநியாயமான பழி வேறில்லை என்பேன். கிழங்கும் கருவாலிக்கொட்டையும் மண்புழுவும் தேடி மண்ணைக் கிளறித் திரியும் அந்த ஜீவன், வழியில் கிடக்கும் பிணத்தையும் விடாது தின்னும் என்பது மெய்யே. அந்தப் பிணத்தை அங்கே போடுவது பெரும்பாலும் மனிதனே. வேட்டைக்காரர் தோலுரித்த நரியின் உடலையும், அறுத்தெடுத்த குடல், தலை முதலிய கழிவுகளையும் புதைக்காமல் மரத்தடியில் விட்டுச் செல்கையில், அழுகும் தசையிலும் குளிர்காலத்தில் வாரக்கணக்காகப் பிழைத்திருக்கும் புழு, நரியினின்று பன்றிக்கும் பன்றியினின்று நரிக்குமாகச் சுற்றிவருகிறது. மென்மயிருக்காகச் சோவியத் நாட்டினர் கீழ்த்திசையிலிருந்து கொணர்ந்து மேற்குக் காடுகளில் விட்ட ராக்கூன் நாயும், அங்கிருந்து ஜெர்மனிவரை பரவி, இச்சுழற்சியில் பங்கு கொண்டது.

குளிர்காலத்தின் கடுமை தணிந்து, மக்காச்சோள வயல்கள் காட்டோரம்வரை விரிந்தமையால் பன்றிகள் பெருகியுள்ளன. வேட்டைக்கென ஓரிடத்தில் தானியம் கொட்டி அவற்றைக் கூட்டும் வழக்கமோ வேறொரு தீங்கை வளர்க்கிறது: எச்சத்தின் வழி மண்ணில் சேரும் நுரையீரல் புழுவின் முட்டைகளை மண்புழு விழுங்க, அம்மண்புழுவைத் தின்னும் இளங்குட்டிகள் இருமி இளைத்து நலிகின்றன. ஈர மண்ணில் இது இன்னும் மிகுதி.

உண்போர் அறிய வேண்டுவது

டிரிக்கினெல்லா புழுவுற்ற பன்றியின் இறைச்சி நிறத்திலும் மணத்திலும் மாறுபடுவதில்லை. உதரவிதானத் தசையைச் செயற்கையாகச் செரிக்கச் செய்து நுண்ணோக்கியில் பார்த்தாலொழியத் தெரியாது. உப்பிடுதல், புகையூட்டல், உலர்த்தல் ஆகியவற்றை நம்பக்கூடாது. ஐரோப்பியக் காடுகளிலுள்ள பிரிட்டோவி என்னும் டிரிக்கினெல்லா இனம் குளிர்பதனத்தையும் ஓரளவு தாங்கும். உட்பகுதி 71 பாகை செல்சியஸை எட்டுமாறு வேகவைப்பதே தக்க காப்பு.

முதலில் வயிற்றுப்போக்கும், சில நாள் கழித்துக் காய்ச்சலும், கண்ணிமை வீக்கமும், தசைவலியும் தோன்றினால், வேட்டை விருந்தில் உண்ட மாமிசத்தைப் பற்றி வைத்தியரிடம் உடனே சொல்லவேண்டும். புழு தசையில் குடிபுகுவதற்கு முன் கொடுக்கும் மருந்தே நன்கு பலிக்கும்.