ஐந்து மணிக்கே விளக்கு வைக்கும் மார்கழி

குளிர்காலம் என்றால் கம்பளியும் கணப்பும் வேண்டும் என்பது வடநாட்டுக் கணக்கு. தெற்கு அந்தமானில் உள்ள குட்வில் எஸ்டேட் போன்ற ஊர்களுக்கு அது பொருந்தாது. ஜனவரி மாத இரவிலும் அங்கே வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆயினும் அங்கும் குளிர்காலம் உண்டு. அதைத் தோலால் அல்ல, பொழுதால் அறிய வேண்டும்.

இந்திய நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82.5 டிகிரியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. தெற்கு அந்தமான் அதற்கு ஏறத்தாழ 10 டிகிரி கிழக்கே இருக்கிறது. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் வீதம், சூரியன் அங்கே 40 நிமிடம் முந்திக்கொள்கிறான். டிசம்பர் கடைசியில் காலை 5.45 மணிக்குள் விடிந்துவிடும். மாலை 5 மணிக்கெல்லாம் அந்தி. வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்புவதற்குள் இருட்டிவிடுகிறது. பிள்ளைகளோடு கழிக்க வேண்டிய மாலை கைநழுவாமல் இருக்க, கடிகாரத்தைவிடச் சூரியனைப் பார்த்து நாளை வகுத்துக்கொள்வதே நல்லது.

வாசலும் அடுப்படியும்

சென்னையில் ஐந்தரை மணிக்கு வைக்கும் மார்கழிக் கோலத்தைத் தீவில் ஐந்து மணிக்கு முன்பே முடித்துவிடலாம். டிசம்பரில் மழை முழுவதும் விடுவதில்லை. எனவே வாசலில் இடுவதைத் திண்ணையிலோ தாழ்வாரத்திலோ இட்டால் கரையாது. பரங்கிப் பூ கிடைக்காவிட்டால் செம்பருத்தி இருக்கவே இருக்கிறது.

அந்தமான் மண்ணில் தேங்காய், பாக்கு மட்டுமின்றி மிளகு, கிராம்பு, பட்டை, ஜாதிக்காயும் விளைகின்றன. மாலையில் இஞ்சியும் மிளகும் தட்டிப் போட்ட கருப்பட்டிக் காப்பி, கூடவே அவித்த மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்த் துருவலும் போதும். செலவு அதிகமில்லை.

வானமே கண்காட்சி

ஏழு மணிக்கு முற்றத்தில் பாய் விரித்துப் பிள்ளைகளுக்குக் கிழக்கு வானத்தைக் காட்டலாம். கொத்தாகத் தெரிவது கார்த்திகை. அதற்குக் கீழே செந்நிறமாக மின்னுவது திருவாதிரை. மார்கழிப் பௌர்ணமியன்று நிலவு இந்தத் திருவாதிரையை ஒட்டியே வரும். ஆருத்ரா தரிசனமும் திருவாதிரைக் களியும் அதனால்தான் என்று சொன்னால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

ஓர் அகல் விளக்கு

2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை, நிலநடுக்கத்தைத் தொடர்ந்து வந்த ஆழிப்பேரலை இந்தத் தீவுகளைத் தாக்கியதும் மார்கழியில்தான். அன்றைய துயரத்தைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை. அந்த நாளின் மாலையில் ஓர் அகல் ஏற்றி, நிலம் பலமாக அதிர்ந்தாலோ கடல் திடீரென உள்வாங்கினாலோ உடனே மேட்டுக்கு ஓட வேண்டும் என்று சொல்லித் தரலாம். இறந்தவர்களை நினைப்பதும் இருப்பவர்களைக் காப்பதும் அந்த ஒரு விளக்கில் அடங்கும்.

தை பிறந்தால்

ஜனவரியில் மழை ஓய்ந்து விறகு காய்ந்திருக்கும். கரும்பும் மஞ்சள் கொத்தும் சென்னையிலிருந்து கப்பலில் வர ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். அவை வந்தால் சந்தோஷம். வராவிட்டாலும் பொங்கல் நிற்காது. கொல்லையில் வாழை உண்டு, தேங்காய் உண்டு. காலை ஆறு மணிக்கே வெயில் முற்றத்தில் விழுந்துவிடும். சொந்த ஊரில் உறவினர் பானையை அடுப்பில் ஏற்றும்போது, தீவில் பால் பொங்கி முடிந்திருக்கும்.