தலைவர் இல்லாத சபையில் யாருக்கு இடம்?

சென்ற மாதம் சிதம்பரத்தில் என் அத்தை வீட்டுத் திண்ணையில் ஒரு சண்டை. வாய்ச் சண்டைதான், பயப்படாதீர்கள்! ஒரு பக்கம் என் அக்காவின் மகன். என்ஜினீயரிங் மூன்றாம் வருஷம். மறு பக்கம் அத்தை. மடியில் முறம், முறத்தில் அவரைக்காய்.

"தலைவரே கிடையாது, பாட்டி! மானேஜர் இல்லை, தலைமை ஆபீஸ் இல்லை. உலகம் பூராவும் இருக்கிறவர்கள் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நடக்கும். பிளாக்செயின் என்று பெயர்" என்றான் பையன்.

அத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இதுக்குப் போய் கம்ப்யூட்டர் எதுக்குடா? நம்ம கோயில்லே காலங்காலமா அப்படித்தானே நடக்குது!"

பையன் வாயடைத்துப் போனான். நானும் யோசிக்கலானேன்.

முதலில் பையன் கட்சியைக் கேட்போம். நம் வீட்டுப் பால் கணக்கு நோட்டு இருக்கிறதல்லவா? ஒன்று நம்மிடம், ஒன்று பால்காரரிடம். இரண்டும் ஒத்துப்போனால் தகராறு இல்லை. அந்த நோட்டின் பிரதி தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் முந்தின பக்கத்தின் முத்திரை விழுந்திருக்கிறது. ஒருவர் ராத்திரியோடு ராத்திரியாகத் தம் நோட்டில் ஓர் எண்ணைத் திருத்தினால், மற்ற வீட்டு நோட்டுகள் காட்டிக்கொடுத்துவிடும். பிளாக்செயின் என்பது இவ்வளவுதான். 2008-ல் சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் ஒருவர் இதை எழுதி வெளியிட்டார். 2009 ஜனவரியில் பிட்காயின் பிறந்தது. சில வருஷங்களில் அந்த மனிதர் காணாமலே போய்விட்டார். ஆள் போனாலும் கணக்கு நிற்கவில்லை.

கணக்கு சரி. கணக்கு எழுதும் விதியையே மாற்ற வேண்டுமென்றால் யாரைக் கேட்பது? அங்கேதான் வம்பு ஆரம்பமாகிறது.

இனி அத்தை கட்சி. சிதம்பரம் நடராஜர் கோயிலை நிர்வகிப்பவர்கள் பொது தீட்சிதர்கள். 'பொது' என்ற சொல்லைக் கவனியுங்கள். கோயில் எந்த ஒரு குடும்பத்துக்கும் சொந்தமில்லை. பரம்பரை டிரஸ்டி என்று ஒருவரும் கிடையாது. தீட்சிதர் குடும்பத்தில் பிறந்தவருக்குக் கல்யாணம் ஆனதும் பூஜை முறையில் பங்கு, வருமானத்தில் பங்கு, சபையில் பேச உரிமை எல்லாம் வந்துவிடும். எழுபது வயதுக்காரருக்கு உள்ள அதே உரிமைதான் நேற்றுத் தாலி கட்டியவருக்கும்! பூஜையும் முறை வைத்துச் சுற்றி வருகிறது. ஆதியில் தீட்சிதர்கள் மூவாயிரம் பேர் என்றும், எண்ணிப் பார்த்தபோது ஒருவர் குறைய, "நானே அந்த ஒருவன்" என்று நடராஜரே சொன்னார் என்றும் ஐதிகம். அப்படியானால் அந்தச் சபையில் சுவாமிக்கும் ஒரே ஒரு வாக்குத்தான் போலிருக்கிறது!

இந்த ஏற்பாட்டைச் சர்க்கார் கையில் எடுக்கப் பார்த்ததும் உண்டு. 1951-ல் சென்னை ஹைகோர்ட் தீட்சிதர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1987-ல் சர்க்கார் நிர்வாக அதிகாரியை நியமித்தது. வழக்குப் பல வருஷம் நடந்தது. 2009-ல் ஹைகோர்ட் அந்த நியமனத்தை ஒப்புக்கொண்டது. 2014 ஜனவரி 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட் அதை ரத்துச் செய்துவிட்டது. நிர்வாகத்தில் கோளாறு இருந்தால் அதைச் சரிசெய்கிற வரையில் சர்க்கார் தலையிடலாமே தவிர, நிரந்தரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றது.

ஆனால் கோயிலுக்கு வருகிற பக்தர்கள் அந்தச் சபையில் இல்லையே! சிற்றம்பல மேடையில் தேவாரம் பாடுவது, கனகசபை மீது ஏறித் தரிசிப்பது என்று எத்தனை தகராறுகள் வந்தன! உள்ளே ஏகமனதாக இருந்த விஷயம் வெளியே இருந்தவர்களுக்குச் சம்மதமாக இல்லை.

மறுநாள் கடலூருக்குப் பஸ் ஏறினேன். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் பிரயாணம். தேவனாம்பட்டினம், சோதிக்குப்பம், தாழங்குடா முதலிய மீனவர் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்து என்று ஒன்று உண்டு. சர்க்கார் தேர்தல் நடத்தும் பஞ்சாயத்து அல்ல இது. மீனவர்கள் தாங்களாகவே நெடுங்காலமாக வைத்திருப்பது. இங்கே தலைவர்கள் உண்டு. ஆனால் பெரிய விஷயமென்றால் ஊர் கூடித்தான் ஆக வேண்டும். கூச்சலுக்குக் குறைவிராது. கை தூக்கச் சொல்லி எண்ணுகிற வழக்கம் இல்லை. எதிர்த்தவர் ஓயும் வரை, அல்லது அவருக்காக முடிவு கொஞ்சம் வளையும் வரை, பேச்சு நடக்கும். எந்த வலை போடலாம், எதைப் போடக் கூடாது என்பதெல்லாம் இப்படித் தீர்மானமானவைதான்.

பேசியும் தீராவிட்டால்? கம்ப்யூட்டர்க்காரர்களுக்கு அதற்கு ஓர் உபாயம் இருக்கிறது. 2016-ல் 'தி டாவோ' என்று ஒரு பொது நிதி ஆரம்பித்தார்கள். பதினோராயிரம் பேருக்கு மேல் சேர்ந்து, சுமார் 15 கோடி டாலர் பெறுமானமுள்ள ஈதர் நாணயத்தைப் போட்டார்கள். தலைவர் கிடையாது; எல்லாம் ஓட்டு. ஜூன் மாதம் யாரோ ஒருவர் விதியில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்து 36 லட்சம் ஈதரை இறைத்துக்கொண்டார். "கணக்கைத் திருத்தி மீட்போம்" என்றது ஒரு கோஷ்டி. "எழுதினது எழுதினதுதான், இன்று திருத்தினால் நாளை எதைத்தான் திருத்த மாட்டீர்கள்?" என்றது இன்னொன்று. ஜூலை 20-ந் தேதி பெரும்பான்மையோர் திருத்திக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் பழைய நோட்டையே தொடர்ந்து எழுதினார்கள். எதீரியம், எதீரியம் கிளாசிக் என்று இரண்டு நோட்டுகளும் இன்றும் ஓடுகின்றன. பாகப் பிரிவினை!

கடலை அப்படிப் பிரிக்க முடியுமா? மீன் கூட்டத்தையே வளைத்து வாரும் சுருக்குமடி வலையை 2000-த்தில் தமிழ்நாட்டு அரசு தடை செய்தது. கடன் பட்டு அந்த வலையை வாங்கிய ஊர் ஒரு பக்கம், சிறு வலையோடு வெறுங்கையாகத் திரும்பிய ஊர் மறு பக்கம். கொண்டான் கொடுத்தான் உறவுள்ள குப்பங்கள் கடலூர்க் கரையில் பகையாகி நின்றன. 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட், 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் இரண்டே நாள், பகலில் மட்டும் போடலாம் என்று இடைக்காலமாக அனுமதித்தது. ஊர் கூடிப் பேசி முடிக்க வேண்டியது டில்லி வரை போனது எனக்கென்னவோ வருத்தமாகத்தான் இருந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி இந்தக் கரையைச் சூறையாடியபோது, வந்த நிவாரணச் சாமான்களை ஊர்ப் பஞ்சாயத்துகள் ஒன்றாகச் சேர்த்துச் சமமாகப் பங்கிட்டன. பார்த்தவர்கள் மெச்சினார்கள். மெச்ச வேண்டியதுதான். ஆனால் சமம் என்றால் யாருக்குள் சமம்? ஊருக்கு வரி கட்டும் ஆண்களின் கணக்குப்படி! புருஷனைக் கடலுக்குப் பறிகொடுத்தவள் பெயர் பல ஊர்களில் அந்தக் கணக்கில் இல்லை. அல்லது அரைப் பங்கு. விடியற்காலையில் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, கூடை சுமந்து விற்று, வீட்டுக்குக் காசு கொண்டுவருகிறவள் அவள்தான். சபையில் மட்டும் இடமில்லை. உள்ளாட்சிகளில் பெண்களுக்குச் சரிபாதி இடம் என்று 2016-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் ஊர்ப் பஞ்சாயத்தைத் தொடாது.

சிதம்பரத்திலும் பாருங்கள். மனைவி வந்தால்தான் அவருக்குச் சபையில் இடம். வந்த மனைவிக்கு இல்லை.

சாயங்காலம் திரும்பி வந்து இதையெல்லாம் அத்தையிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், பையன் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டா, உன் கம்ப்யூட்டர் சபையிலே பொம்பளைகளுக்கு இடம் உண்டா?"

"தாராளமாக உண்டு, பாட்டி. ஆணா பெண்ணா, கல்யாணம் ஆனதா, எந்த ஊர், ஒன்றும் கேட்க மாட்டார்கள்."

"அட! வேறே எதைக் கேட்பாங்க?"

பையன் கொஞ்சம் தயங்கினான். "முக்கால்வாசி இடத்தில் ஆளுக்கு ஒரு ஓட்டு இல்லை, பாட்டி. எத்தனை நாணயம் வைத்திருக்கிறோமோ, அத்தனை ஓட்டு."

அத்தை முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.