தன் தோலும் பிறர் தோலும்

மாவொட்டுக் கட்டும் முறையைச் சென்ற வாரம் விவரித்திருந்தேன். தொட்டியில் வளர்ந்த சிறு கன்றைத் தாய்மரத்தின் கிளையருகே கொண்டுபோய், இரண்டிலும் ஒரே நீளத்துக்குப் பட்டையையும் சிறிது கட்டையையும் சீவி, சீவிய முகங்களைப் பொருத்தி வாழைநாரால் இறுகக் கட்டி, இரண்டு மூன்று மாதங்கள் கிளை தாய்மரத்திலிருந்தும் கன்று தன் வேரிலிருந்தும் ஆகாரம் பெற்றுவரும்படி விட்டு, கூட்டு உறுதிப்பட்டது என்று கண்ட பிறகே கிளையின் அடியையும் கன்றின் தலையையும் தோட்டக்காரர் அறுக்கிறார். புதிய உறவு நிலைக்குமட்டும் பழைய உறவைத் துண்டியாமல் காத்திருப்பதே இம்முறையின் உயிர்நிலை. இதே பொறுமையை மனித தேகத்தின்மீது கையாண்ட ஒருவரைப் பற்றி இந்த வாரம் முதலில் சொல்ல வேண்டும். அவருடைய பெயரை எவரும் எழுதிவைக்காமற் போனது இத்தேசத்தின் வைத்திய சரித்திரத்துக்கு நேர்ந்த பெரிய நஷ்டம் என்றே கருதுகிறேன்.

திப்பு சுல்தானுக்கும் ஆங்கிலேயருக்கும் 1792-ல் நடந்த யுத்தத்தில், ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்ற மராட்டியர் சிறைப்பட்டு, மூக்கும் ஒரு கையும் அறுக்கப்பட்டார். ஏறக்குறைய ஓராண்டு மூக்கின்றி வாழ்ந்த அவருக்குப் புதிய மூக்கு அமைத்தவர், புனாவை அடுத்த ஊரில் செங்கல் அறுக்கும் குலத்தில் பிறந்த ஒரு வைத்தியர். மூக்கிருந்த இடத்தில் மெழுகைப் பதித்து உருவம் எடுத்து, அம்மெழுகைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து அதன் விளிம்பைச் சுற்றிக் கோடு வரைந்து, அக்கோட்டுக்குள் அடங்கிய தோலை உரித்து, இரு கண்களுக்கும் நடுவே ஒரு சிறு துண்டத்தை மாத்திரம் அறுக்காமல் விட்டு, உரித்த தோலைத் திருப்பிக் கீழிறக்கிப் புண்ணான மூக்கடியில் பொருத்தி, நீரில் குழைத்த காசுக்கட்டியைத் துணியில் தடவி அதன்மேல் போட்டார்; சில நாள் சென்றபின் நெய்யில் தோய்த்த துணியை வைத்தார். அறுக்காமல் விட்ட அந்தச் சிறு துண்டத்தின் வழியாகவே புதிய மூக்குக்கு ரத்தம் ஓடியது. சுமார் இருபத்தைந்தாம் நாள், புதிய இடத்திலிருந்தே ரத்தம் ஏறத் தொடங்கிவிட்டது என்று அறிந்த பின்னர், அதையும் அறுத்துவிட்டார். மாந்தோப்பில் நடப்பதற்கும் இதற்கும் முறையளவில் யாதொரு வித்தியாசமும் இல்லை.

சுச்ருத சம்ஹிதை கன்னத்துத் தோலைக்கொண்டு மூக்கமைக்கும் விதியைக் கூறியிருப்பது பலரும் அறிந்ததே. ஏடு ஒருபுறமிருக்க, அவ்வித்தை ஏடறியாத கைகளில் தலைமுறை தலைமுறையாக உயிரோடிருந்தது என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. கவாஸ்ஜியின் கதை படத்துடன் 1794 அக்டோபர் மாதத்து ஜென்டில்மன்ஸ் மாகஸீன் என்ற லண்டன் பத்திரிகையில் வெளியாயிற்று. இருபது ஆண்டுகளுக்குப் பின், 1814-ல், ஜோஸப் கார்ப்யூ என்ற ஆங்கில ரணவைத்தியர் இந்திய முறையை லண்டனில் செய்துகாட்டினார்.

இவருக்கு முன்னரே இத்தாலியில் பொலோன்யா நகரத்து ஆசிரியர் தாலியாகோட்ஸி, புஜத்தின் தோலை மூக்கோடு சேர்த்துக் கட்டி, கையைத் தலையோடு பிணைத்து வாரக்கணக்கில் வைத்திருந்து மூக்கமைக்கும் முறையை 1597-ல் நூலாக எழுதியிருந்தார். ஒருவனுக்கு வேறொருவனுடைய தோலை ஒட்டலாகாதோ என்ற கேள்வியையும் அந்நூலிலேயே எழுப்பி, ஒவ்வொரு மனிதனுக்கும் உரிய தனித்தன்மையின் வலிமை அதற்கு இடங்கொடாது என்று அவர் ஒதுங்கிக்கொண்டார். காரணம் கூற அவரிடம் சாதனம் எதுவும் இல்லை. ஆயினும் அவர் விலகி நின்ற இடம் சரியான இடமே. அந்தத் தனித்தன்மை யாது என்று தெரிந்துகொள்ள ஐரோப்பாவுக்கு மேலும் மூன்றரை நூற்றாண்டு பிடித்தது.

அந்த இடைக்காலத்தில், 1869-ல், பாரிஸில் ரெவெர்டான் என்ற இளம் வைத்தியர், தோலின் மிக மெல்லிய துணுக்குகளைக் கிள்ளியெடுத்து, ரத்த வழி எதுவும் இல்லாமலே ஆறாத புண்ணின்மேல் வைத்தாலும் அவை பிழைத்துப் பரவும் என்று கண்டார். அது முதற்கொண்டு பிறர் தோலையும் இவ்வாறே வைத்துப் பார்த்தார்கள். முதற் சில நாட்கள் அது ஒட்டிக்கொண்டதுபோலத் தோன்றும். பின்னர் கருகி உதிர்ந்துவிடும். கைத்திறன் போதவில்லை என்று ஒருவரும், புண்ணில் அழுக்குச் சேர்ந்தது என்று மற்றொருவரும் சமாதானம் கூறிவந்தார்கள்.

இரண்டாவது உலக யுத்தம் இச்சமாதானங்களுக்கு முடிவு கட்டியது. 1940-ல் ஆக்ஸ்போர்டில் பீட்டர் மெடாவர் என்ற இளம் விலங்கியல் அறிஞருடைய வீட்டருகே ஒரு போர்விமானம் விழுந்து எரிய, அதிலிருந்து மீட்கப்பட்ட வீரனுக்கு உதவ வழியுண்டா என்று வைத்தியர்கள் அவரைக் கேட்டார்கள். அன்று பிடித்த கேள்வி அவரைக் கிளாஸ்கோ நகரத்து ராயல் இன்பர்மரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கே அவரும் ரணவைத்தியர் தாமஸ் கிப்ஸனும், கடுமையாக வெந்த ஒரு பெண்ணின் புண்களில் அவளுடைய தோலையும் அவளுடைய சகோதரன் தோலையும் தனித்தனியே வைத்துக் கவனித்தார்கள். அவளுடையது நிலைத்தது, சகோதரனுடையது முதலில் ஒட்டிப் பின் அழிந்தது. சுமார் இரண்டு வாரங்களுக்குப் பின் அதே சகோதரனிடமிருந்து மறுபடியும் தோல் எடுத்து வைத்தபோது, அது முதல் முறையைவிட வெகு விரைவில் அழிந்தது. பெரியம்மை கண்ட தேகம் அந்நோயை நினைவில் வைத்திருந்து மறுமுறை அதை உடனே எதிர்ப்பதுபோல, இங்கும் தேகம் பிறன் தோலை முதல்முறை அறிந்து, நினைவில் வைத்து, இரண்டாம் முறை ஆயத்தமாக இருந்து தாக்கியிருக்கிறது. கையின் குற்றமன்று, புண்ணின் குற்றமன்று, காப்புச் சக்தியின் வேலையே என்பதை 1943-ல் இருவரும் வெளியிட்டார்கள்.

அப்படியானால் மாங்கன்று ஏன் அயல்கிளையை ஏற்றுக்கொள்கிறது? தாவரத்துக்கும் காப்புச் சக்தி உண்டு; ஆனால் பகைவனைத் தேடி உடலெங்கும் சஞ்சரிக்கும் வெள்ளணுக்கள் அதனிடம் இல்லை. ஒவ்வோர் உயிரணுவும் தன் சுவருக்குள்ளேயே இருந்துகொண்டு தன்னைக் காத்துக்கொள்கிறது. பட்டைக்கும் கட்டைக்கும் இடையே கேம்பியம் என்ற மெல்லிய படலம் உண்டு. இரு படலங்களும் முட்டிக்கொள்ளும் இடத்தில் புதிய திசு பிறந்து, நீரும் உணவும் செல்லும் குழல்கள் தொடர்புபட்டுவிட்டால் காரியம் முடிந்தது. இனம் நெருங்கியிருக்க வேண்டும் என்பது மாத்திரம் அங்கும் நியதி; மாவின்மேல் வேம்பு நிலைக்காது. தண்டைச் சுற்றி அப்படலம் அமையாத தென்னையிலும் பனையிலும் தோட்டக்காரர் ஒட்டுக் கட்டுவதில்லை.

மெடாவருடைய வாழ்க்கையில் நான் மிகவும் போற்றும் பகுதி இதன்பின் வருவது. இரட்டைக் கன்றுகள் ஒரே கருவிலிருந்து பிறந்தவையா, இரு கருக்களிலிருந்து பிறந்தவையா என்று கண்டறிய வழியுண்டா என்று கால்நடை ஆராய்ச்சியாளர் ஒருவர் 1948-ல் கேட்க, தோலை மாற்றி ஒட்டிப் பார்த்தால் ஐயமின்றித் தெரிந்துவிடும் என்று அவர் வாக்களித்தார். ரூபர்ட் பில்லிங்ஹாமுடன் சென்று செய்தபோது, காளையும் பசுவுமாகப் பிறந்த இரட்டைகள்கூட ஒன்றின் தோலை மற்றொன்று ஏற்றுக்கொண்டன! தம் வாக்கு பொய்த்ததே என்று அவர் கைவிட்டுவிடவில்லை. ஏன் பொய்த்தது என்று தேடினார். கருப்பையிலேயே இக்கன்றுகளின் ரத்தக் குழாய்கள் கலந்துவிடுவதால் ஒன்றின் ரத்த அணுக்கள் மற்றொன்றில் ஆயுள் முழுதும் தங்கியிருப்பதை அமெரிக்கரான ரே ஓவன் 1945-லேயே கண்டிருந்தார். பிறக்குமுன் அறிந்ததைத் தேகம் தன்னுடையதாகவே கொள்கிறது என்ற கருத்தை மெல்பர்னில் பர்னெட் முன்வைத்தார். பில்லிங்ஹாம், பிரென்ட், மெடாவர் மூவரும் ஒருவகை எலியின் உயிரணுக்களை வேறுவகை எலியின் கருக்குழவிக்குள் செலுத்தி, அது பிறந்து வளர்ந்தபின் அந்த முதல் வகையின் தோலை ஒட்டி, அது நிலைத்து நிற்பதை 1953-ல் காட்டினார்கள். பர்னெட்டும் மெடாவரும் 1960-ல் நோபெல் பரிசு பெற்றார்கள்.

கன்றுகளுக்கென்று அவர் சொன்ன அப்பரீட்சை மனிதரிடம் பயன்பட்டது. பாஸ்டன் நகரத்து மருத்துவமனை ஒன்றில் சிறுநீரகம் பழுதாகி மரணத்தை நெருங்கியிருந்த ஓர் இளைஞருக்கு இரட்டைச் சகோதரர் இருந்தார். யுத்தகாலத்தில் தீப்பட்ட சிப்பாய்களுக்குத் தோல் ஒட்டிப் பழகிய ஜோஸப் மர்ரே முதலான வைத்தியர்கள், இருவருக்கும் சிறு தோல் துணுக்கை மாற்றி ஒட்டி, அது நிலைப்பதைக் கண்ட பின்னரே, 1954 டிசம்பர் 23-ஆம் தேதி சகோதரரின் சிறுநீரகம் ஒன்றை எடுத்து அவருக்கு வைத்தார்கள். அவர் மணம் செய்துகொண்டு எட்டாண்டுகள் வாழ்ந்தார்.

இரட்டையாகப் பிறக்கும் பாக்கியம் எத்தனை நோயாளிகளுக்கு உண்டு? மற்றவர்களுக்காக வைத்தியர்கள் காப்புச் சக்தியையே அடக்க முற்பட்டு, முதலில் எக்ஸ்-ரே கதிர்களை நாடிப் பல உயிர்களை இழந்தார்கள். பின்னர் அஸதயோப்ரின் என்ற மருந்தைக் கையில் எடுத்தார்கள். அம்மருந்தின் கதையை அடுத்த வாரம் எழுதுகிறேன்.