பரணில் உறங்கும் பழைய கம்ப்யூட்டர்

பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த நம் குடும்பங்களில் ஒரு பழக்கம் உண்டு. எதையும் லேசில் தூக்கிப் போட மாட்டோம். ஊரிலிருந்து கொண்டுவந்த வெண்கலப் பானை பரணில் இருக்கும். அதன் பக்கத்திலேயே, 1990-களில் தவணை கட்டி வாங்கிய கம்ப்யூட்டரும் பழைய வேட்டியைப் போர்த்திக்கொண்டு இருக்கும். வீட்டைச் சுத்தம் செய்யும்போது இறக்கிப் பார்த்துவிட்டு, கபாடிக்காரரைக் கூப்பிடலாமா என்று யோசிப்போம். "அப்பா, இதுல நீங்க என்ன கேம் விளையாடினீங்க?" என்று பிள்ளை கேட்கும். பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா, டேவ், டூம் என்று பெயர்களைச் சொல்லிவிடலாம். ஓட்டிக் காட்ட முடியுமா?

முடியும். அதற்கு அந்தக் காலத்து இயந்திரத்தின் சுபாவம் கொஞ்சம் தெரிய வேண்டும். அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

புதிய கம்ப்யூட்டரில் ஏன் ஓடாது?

இப்போது வரும் விண்டோஸ் 11, 64 பிட் வகையில் மட்டுமே கிடைக்கிறது. டாஸ் விளையாட்டுகளோ 16 பிட் காலத்தவை. 64 பிட் விண்டோஸ் அவற்றை நேரடியாக ஏற்காது. 2002-ல் வெளிவந்த டாஸ்பாக்ஸ் என்னும் இலவச மென்பொருள் புதிய இயந்திரத்துக்குள்ளேயே ஒரு பழைய கம்ப்யூட்டரைப் பாவனை செய்து இவற்றை ஓட்டுகிறது. விளையாட்டு மட்டும் போதும் என்பவர்களுக்கு அதுவே தாராளம். ஆனால் அந்த விளையாட்டு உங்கள் வீட்டு ஃபிளாப்பியில் இருக்கிறது என்றால், முதலில் அதைப் படிக்க ஓர் இயந்திரம் வேண்டுமே! 3.5 அங்குல ஃபிளாப்பிக்கு யூ.எஸ்.பி. டிரைவ் கிடைக்கும். 5.25 அங்குலத் தகட்டுக்கு நம் பரண் ஆசாமிதான் கதி.

சுவிட்சைப் போடும் முன்

இறக்கிய கையோடு பிளக்கைச் செருகாதீர்கள். மூடியைக் கழற்றி மதர்போர்டைப் பாருங்கள். 386, 486 போர்டுகள் பலவற்றில் சிறு பீப்பாய் வடிவில் ஒரு நிக்கல் காட்மியம் பேட்டரி பற்றவைக்கப்பட்டிருக்கும். இருபது, முப்பது வருடத்தில் அது கசிந்து, பக்கத்திலுள்ள செம்புத் தடங்களை அரித்துவிடும். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் அதுதான் அடையாளம். விவரம் தெரிந்த மெக்கானிக்கைக் கொண்டு பேட்டரியை எடுத்துவிட வேண்டும். கசிந்தது காரம் என்பதால் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்து, நன்றாகக் காயவிடுவது முறை. ஒரு எச்சரிக்கை: அந்த இடத்தில் சாதாரண நாணய பேட்டரியை அப்படியே பொருத்தக் கூடாது. போர்டு அதைச் சார்ஜ் செய்யப் பார்க்கும், அது ஆபத்து. நடுவே ஒரு டயோடு போட வேண்டும்.

மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியையும் பழைய மானிட்டரையும் வீட்டில் யாரும் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

பேட்டரி போன இயந்திரத்துக்குத் தன் ஹார்டு டிஸ்க் எது என்ற நினைவும் போய்விடும். டிஸ்கின் மேல் ஒட்டிய சீட்டில் சிலிண்டர், ஹெட், செக்டர் என்று மூன்று எண்கள் இருக்கும். அவற்றை பயாஸ் திரையில் மறுபடி எழுதிக் கொடுத்தால் போதும், பல டிஸ்குகள் எழுந்து உட்கார்ந்துவிடும். டிஸ்கே போய்விட்டதென்றால், கேமராக்களில் போடும் காம்பேக்ட் ஃபிளாஷ் அட்டையை ஒரு சிறு அடாப்டர் வழியாக மாட்டலாம். டாஸுக்கு ஒரு பகுதி 2 ஜி.பி.க்கு மேல் போகாது என்பதால் சின்ன அட்டையே போதும்.

வேகம் என்னும் தொல்லை

1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். நல்ல விளையாட்டு நிரல்கள் இயந்திரத்தின் கடிகாரத்தைப் பார்த்து அடியெடுத்து வைக்கும். சில நிரல்கள் அப்படிப் பார்ப்பதில்லை. பிராசசர் எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகத்தில் ஓடும். 1990-ல் வந்த விங் கமாண்டரை வேகமான இயந்திரத்தில் போட்டால், கண்ணிமைப்பதற்குள் எதிரி வந்து போய்விடுவான். பழைய பெட்டிகளின் முகப்பில் இருந்த டர்போ பொத்தான் இதற்காகத்தான். பெயர் என்னவோ டர்போ; உண்மையான உபயோகம் வேகத்தைக் குறைப்பது! பொத்தான் இல்லாத 486, பென்டியம் இயந்திரங்களில் பயாஸில் உள்ள கேஷ் நினைவகத்தை அணைத்தால் வேகம் நன்றாகக் குறையும்.

"ரன்டைம் எரர் 200" என்று சொல்லிவிட்டு நிரல் நின்றுபோவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். டர்போ பாஸ்கலில் எழுதிய நிரல்கள் சில, தொடங்கும்போதே ஒரு நொடியின் சிறு பகுதியில் இயந்திரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணி, அதை வகுத்து விடை எடுக்கும். சுமார் 200 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் போன பிராசசர்களில் அந்த விடை 16 பிட் இடத்துக்குள் அடங்காது. பாத்திரம் சின்னது, பால் பொங்கிவிட்டது, அவ்வளவுதான். இயந்திரத்திலும் கோளாறில்லை, தகட்டிலும் கோளாறில்லை. 486 பெட்டியில் போட்டால் அதே நிரல் ஒழுங்காக ஓடும்.

640 கே.பி. வீட்டில் ஒண்டுக்குடித்தனம்

முதல் பி.சி.யின் 8088 பிராசசரால் 1 எம்.பி. நினைவகத்தைத்தான் பார்க்க முடியும். அதில் 384 கே.பி.யைத் திரைக்கும் பிற சாதனங்களுக்கும் ஒதுக்கிவிட்டு, மீதி 640 கே.பி.யை நிரல்களுக்கு விட்டார்கள். பின்னாளில் இயந்திரத்தில் 8 எம்.பி., 16 எம்.பி. என்று போட்டாலும் டாஸ் அந்த 640-க்குள்தான் குடியிருந்தது. மவுஸ் டிரைவர், சி.டி. டிரைவர் எல்லாம் அதே வீட்டில் வந்து உட்கார்ந்தால் விளையாட்டுக்கு இடமேது? மும்பையில் ஒற்றை அறையில் குடித்தனம் நடத்தியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வழி இருக்கிறது. மெம் என்று தட்டினால் எவ்வளவு இடம் மிச்சம் என்று டாஸ் சொல்லும். கான்ஃபிக்.சிஸ் கோப்பில் ஹைமெம்.சிஸ், ஈ.எம்.எம்.386 இரண்டையும் ஏற்றி, "டாஸ்=ஹை,யூ.எம்.பி." என்ற வரியைச் சேர்த்தால் டாஸின் பெரும்பகுதி மாடிக்குப் போய்விடும். டிவைஸ்ஹை, லோட்ஹை என்ற கட்டளைகள் டிரைவர்களையும் மேலே அனுப்பும். 1991-ல் வந்த எம்.எஸ்.டாஸ் 5 முதல் இந்த வசதி உண்டு. இதிலும் விதிவிலக்கு இருக்கிறது. 1992-ல் வந்த அல்டிமா 7, ஈ.எம்.எம்.386 இருந்தால் ஓட மறுக்கும். ஆகவே அன்றைய பையன்கள் ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனி பூட் ஃபிளாப்பி வைத்திருந்தார்கள். இன்றும் அதுவே சுலபமான வழி.

சத்தம் வரவில்லையா?

இன்று ஒலியைப் பற்றி நாம் யோசிப்பதே இல்லை. எல்லாம் விண்டோஸ் பார்த்துக்கொள்ளும். டாஸ் காலத்தில் ஒவ்வொரு விளையாட்டும் சவுண்டு கார்டோடு நேரடியாகப் பேசியது. 1989-ல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் கொண்டுவந்த சவுண்டு பிளாஸ்டர்தான் பொது மொழி ஆனது. கார்டின் விலாசம் 220, ஐ.ஆர்.க்யூ. 5, டி.எம்.ஏ. 1 என்று இருந்தால், விளையாட்டின் செட்டப்பிலும் அதே எண்களைக் கொடுக்க வேண்டும். ஒன்று மாறினாலும் சத்தம் வராது. சில சமயம் இயந்திரமே உறைந்து நிற்கும். ஐ.ஆர்.க்யூ. 7 பொதுவாகப் பிரிண்டருடையது என்பதால் அங்கே சண்டை வரலாம்.

மொத்தத்தில், 66 மெகாஹெர்ட்ஸ் 486, 8 எம்.பி. நினைவகம், ஐ.எஸ்.ஏ. சவுண்டு கார்டு, இந்த மூன்றும் இருந்தால் 1990-களின் முதல் பாதியில் வந்த விளையாட்டுகளில் பெரும்பாலானவை ஓடும். உதிரி பாகத்துக்கு டெல்லி நேரு பிளேஸ், மும்பை லேமிங்டன் ரோடு, பெங்களூர் எஸ்.பி. ரோடு பக்கம் விசாரித்துப் பாருங்கள்.

ஒரு பெட்டி சொன்ன பாடம்

ஜோர்டான் மெக்னர் என்னும் அமெரிக்க இளைஞர் தன் தம்பியை ஓடவும் தாவவும் சொல்லி வீடியோ எடுத்து, அந்த அசைவுகளைப் பார்த்துப் படம்படமாக வரைந்து உருவாக்கியது பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா. 1989-ல் ஆப்பிள் 2 இயந்திரத்துக்கும் மறு வருடம் டாஸுக்கும் வந்தது. அந்த ஆப்பிள் நிரலின் மூலம் எங்கோ தொலைந்துபோனதாகவே அவர் இருந்தார். 2012-ல் அவருடைய அப்பா வீட்டிலிருந்த ஒரு பெட்டியில் அந்த ஃபிளாப்பிகளைக் கண்டெடுத்தார். பழைய இயந்திரங்களை இன்னும் பேணிவரும் நிபுணர்கள் உட்கார்ந்து படித்து, மூலத்தை மீட்டுக் கொடுத்தார்கள். தகடு இருந்தது மட்டும் காரணமல்ல. அதைப் படிக்கும் இயந்திரமும், அதை ஓட்டத் தெரிந்த கையும் இருந்தன.

நம் வீட்டு ஃபிளாப்பிப் பெட்டியில் டேவும் டூமும் மட்டுமா இருக்கும்? ஊருக்கு அடித்த கடிதம், தாத்தா சொல்லச் சொல்லத் தட்டிய குடும்ப வரலாறு, பழைய விழா மலரின் பக்கங்கள் என்று எதுவும் இருக்கலாம். தமிழ் எழுத்துக்குப் பொதுக் குறியீடு என்று 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில்தான் டாம், டாப் வந்தன. அதற்கு முன் ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு வழியில் தமிழைச் சேமித்தது. அந்தக் கோப்பைத் திறக்க அந்த மென்பொருளே தேவைப்படலாம். அது ஓட அந்த டாஸ் தேவைப்படலாம். விளையாட்டை ஓட்டக் கற்ற அதே வித்தைதான் இங்கேயும் கைகொடுக்கும்.

காந்தத் தகடு சாசுவதமல்ல. கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் அதில் பூஞ்சை பிடிக்கும். வெள்ளைப் புள்ளி தெரிகிற தகட்டை டிரைவில் போடாதீர்கள். அது டிரைவின் தலையையும் கெடுத்து, அடுத்த நல்ல தகட்டையும் கெடுக்கும். நன்றாக இருக்கிறவற்றை முதலில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வேலை முடிந்தபின் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து விளையாடுங்கள். அதற்கும் பிறகு கபாடிக்காரரைக் கூப்பிடுவதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டு விஷயம்.