இராமசாமி: ஒரு பெயரின் கதை

மனிதன் கேளாமலே அவனுக்குக் கிடைக்கும் முதற்கொடை பெயர். வீடும் நிலமும் இல்லாதாரும் தம் மக்களுக்கு விட்டுச் செல்லத்தக்க சொத்து அஃது ஒன்றே. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களிலே, எட்டியாந்தோட்டை, தெரணியகலை முதல் பலாங்கொடை, இறக்குவானை வரை, இறப்பர் மரங்களுக்கும் தேயிலைச் சரிவுகளுக்கும் இடையே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழ் மக்களின் ஆண்பெயர்களை எண்ணிப் பார்ப்போமாயின், முனியாண்டி, கருப்பையா, மாரிமுத்து, பெரியசாமி என்பனவற்றோடு ‘இராமசாமி’ என்னும் பெயரும் நெடுங்காலம் பெருவழக்காய் இருந்தமை புலனாகும். வேறெப்பெயரும் அடையாத உயர்வையும் இழிவையும் ஒருங்கே அடைந்த பெயர் அது.

முதலிற் பொருளை நோக்குவோம். ‘இராமன்’ வடசொல். இன்புறுதல் என்னும் பொருளுடைய ‘ரம்’ என்னும் அடியிலிருந்து பிறந்தது என்பர்; காண்பார் உள்ளத்துக்கு இன்பம் பயப்பவன் என்பது கருத்து. பழைய வேத மொழியிலே ‘ராம’ என்பது கருநிறத்தையும் குறித்தது. ரகரம் தமிழிற் சொல்லுக்கு முதலாக வாராமையின், இகரத்தை முன்னே பெற்று ‘இராமன்’ ஆயிற்று. ‘சாமி’ என்பதோ ‘சுவாமி’ என்பதன் திரிபு. உடையவன், தலைவன் என்பது பொருள். ஆகவே, இராமசாமி என்பான் ‘இராமனாகிய தலைவன்’ எனப்படுவான். இப்பொருளை வாசகர் நினைவில் இருத்துவாராக, பின்னர் வேண்டப்படும்.

இராமகதை தமிழகத்துக்குக் கம்பரோடு வந்ததன்று. சீதை எறிந்த அணிகலன்களைக் குரங்குகள் இடம் மாற்றி அணிந்துகொண்ட காட்சியைப் புறநானூற்றின் 378 ஆம் பாடல் உவமையாகக் காட்டுகிறது. கோடிக்கரையில் ஆலமரத்தடியிலே இராமன் மறைமொழி ஆராய்ந்தபோது பறவைகளின் ஆரவாரம் அடங்கியதை அகநானூற்றின் 70 ஆம் பாடல் சுட்டுகிறது. ஆயினும் ‘சாமி’ என்னும் ஈறு பெற்று ‘இராமசாமி’ என வழங்குவது, கோயிலும் திருவிழாவும் வளர்த்த மக்கள் வழக்காகும். பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கரின் பெயரோடு தொடர்புடைய கும்பகோணத்து இராமர் கோயில், ‘இராமசாமி கோயில்’ என்றே இன்றும் அழைக்கப்படுகிறது. கந்தசாமி, முத்துசாமி, மாடசாமி என்பனபோல் இராமசாமியும் நாட்டுப்புறத் தமிழின் வீட்டுப்பெயராயிற்று.

இப்பெயர் சாதி பாராதது, கொள்கையும் பாராதது. திருவிதாங்கூரின் திவானாய் விளங்கிய சி. பி. இராமசாமி ஐயரும், கடவுள் மறுப்பை ஊரெங்கும் முழங்கிய ஈ. வெ. இராமசாமியும் ஒரே 1879 ஆம் ஆண்டிற் பிறந்தவர்கள். 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் பிரதமராய் இருந்த ஓமந்தூரார் ஓர் இராமசாமி ரெட்டியார். இராமாயணத்தைக் கடுமையாகக் கண்டித்தவரும் இராமசாமி என்ற பெயரோடே வாழ்ந்து மறைந்தார் எனின், தமிழ் வாழ்வில் அப்பெயர் எத்துணை ஆழமாய் வேரூன்றியிருந்தது என்பது தெளிவாகும்.

கடல் கடந்த பெயர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கோப்பித் தோட்டங்களுக்காகவும், பின்னர்த் தேயிலைக்கும் இறப்பருக்குமாகவும், திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து ஏழை உழவர் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டனர். அகநானூறு பாடிய கோடி, இன்றைய தனுஷ்கோடி என்பர் அறிஞர். 1914 முதல் அக்கரையிலிருந்தே தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிற்று. ஒரு காலத்தில் இராமன் கடந்ததாகக் கதை கூறும் கடலை, அவன் பெயர் பூண்ட ஏழையர் பலர் வயிற்றுக்காகக் கடந்தனர்.

புகுந்த நாடும் இராமகதைக்குப் புதிதன்று. களனியிலே விபீடணன் தெய்வமாய் வணங்கப்படுகிறான். இரத்தினபுரியிலே கோயில் கொண்டு, சிவனொளிபாத மலைக்குக் காவலாய் நிற்கும் சமன் தெய்வத்தை இலக்குவனாகக் கருதுவாரும் உளர். ‘சபரகமுவ’ என்பதற்கே சபரர் என்னும் வேடர் வாழ்ந்த ஊர் எனப் பொருள் கூறுவர். இராமனுக்குக் கனி அளித்த சபரியும் அக்குலத்தாள் என்பதே கதை.

ஆனால் தோட்டத்துத் துரைமாருக்கு இராமனும் ஒன்று, இலக்குவனும் ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், புதிதாக வரும் தொழிலாளியின் கையிலே தோட்டத்தைக் காட்டும் இலக்கம் பொறித்த தகரவில்லை ஒன்று கொடுக்கப்பட்டது. வழிநெடுக அவனை அடையாளங் காட்டியது அவ்வில்லை; பெயரன்று.

பெயர் நேர்ந்த கதியை அகராதியே கூறும். யூல், பர்னெல் என்னும் இருவர் தொகுத்து 1886 இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியம் இப்பெயருக்கு இருபொருள் தருகிறது. ஒன்று, தென்னாட்டு இந்துக்களுக்குப் பொதுப்பெயர். சிறப்பாக இலங்கை முதலிய இடங்களுக்குச் சென்ற கூலிகளைக் குறிப்பது. மற்றொன்று, சுருட்டுப் பற்றவைக்கக் குழலிலிட்டு வைத்த முறுக்குப் பருத்தித் திரி! ‘தலைவன்’ என்னும் பொருளுடைய பெயர், ஆட்சியாளர் வாயிலே கூலிக்கும் சுருட்டுத் திரிக்கும் பெயராய் இழிந்தது.

இஃது இலங்கைக்கு மட்டும் உரிய கதையன்று. தென்னாபிரிக்காவில் வெள்ளையர், இந்தியத் தொழிலாளரைச் ‘சாமி’ என்று இகழ்ச்சியாய் அழைத்தமையைக் காந்தியடிகள் தம் சத்திய சோதனையிலே குறித்துள்ளார். சாமி என்றால் எசமான் என்று பொருள், நான் உமக்கு எசமான் அல்லேனே என்று மறுமொழி கூறிய இந்தியரும் அங்கே இருந்தனராம். சொற்பொருள் அறிந்தார்க்கு இதனினும் நல்ல படைக்கலம் வேறில்லை.

பேரும் அரைப்பேரும்

தோட்ட வழக்கிலே ‘பேர்’ என்னும் சொல்லுக்குப் புதுப்பொருள் ஒன்று உண்டு. ஒருநாள் வேலைக்கு உரிய பதிவைப் ‘பேர்’ என்பர். குறித்த அளவு கொழுந்து பறியாதவருக்கு ‘அரைப்பேர்’தான் விழும். காலையிற் பெரட்டுக்களத்திலே கணக்கப்பிள்ளை செக்றோலைப் புரட்டி அழைக்கும்போது, பெயர் என்பது உணவுக்கும் பட்டினிக்கும் இடைப்பட்ட கோடாய் நின்றது.

அச்செக்றோலிலே ஒரே பெயர் பலர்க்கு இருக்கும். பெரிய இராமசாமி, சின்ன இராமசாமி, நெட்டை இராமசாமி என லயத்து மக்கள் அடைமொழி சேர்த்துப் பிரித்தறிந்தனர். துரை ஒரு பெயராற் பலரை ஒன்றாக்கினான். மக்களோ ஒரே பெயருடைய பலரையும் வெவ்வேறு மனிதராய்க் கண்டனர். இவ்வேற்றுமையிலேதான் அப்பெயரின் மானம் காப்பாற்றப்பட்டது.

இலக்கியமும் இதற்குத் துணைநின்றது. ‘தேசபக்தன்’ இதழை நடாத்தித் தொழிற்சங்கம் கண்ட கோ. நடேசையர் எழுதிய ‘இராமசாமி சேர்வையின் சரிதம்’ மலையகத் தமிழின் முதற் சிறுகதையென ஆய்வாளராற் போற்றப்படுகிறது. கூலிகளுக்கெல்லாம் பொதுப்பெயராய் இழிக்கப்பட்ட இராமசாமிக்கும் சொல்லத்தக்க சரிதம் ஒன்று உண்டென்பதை அக்கதையின் தலைப்பே அறிவிக்கிறது.

எழுத்துக்களின் விளையாட்டு

பெயரின் அருமை மிக வன்மையாய் உணரப்பட்டது 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின்னராகும். இலங்கையிற் பிறந்தவரே ஆயினும், தம் தந்தை இங்கே பிறந்தார் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தனர் என்றோ காட்டினாலன்றி வமிசாவழிப் பிரசையாதல் இயலாதாயிற்று. கந்தோர்ப் புத்தகத்தில் ஒருவகை எழுத்து, பிறப்புப் பதிவிலே மற்றொருவகை எழுத்து, சில பதிவுகளில் ‘ராமன்’, வேறு சிலவற்றில் ‘ராமையா’ என்றிருந்தால், அவ்வனைவரும் ஒருவரே என்று எவ்வாறு மெய்ப்பிப்பது? 1949 ஆம் ஆண்டின் இந்திய பாக்கிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர்க்காக விண்ணப்பங்கள் சென்றன. அவற்றாற் பிரசாவுரிமை பெற்றோர் சுமார் 1,34,000 பேரே. 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது; எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேர் 1974 இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். நாடற்றோராய் எஞ்சியிருந்தோர்க்கு 2003 ஆம் ஆண்டின் சட்டம் வழி திறந்தது. தகப்பன் பெயரை எழுத்துப் பிழையின்றி வைத்திருத்தல் எத்துணைப் பெருஞ்செல்வம் என்பதை அந்த ஐம்பத்தைந்து ஆண்டுகளும் கற்பித்தன.

இன்று தோட்டங்களிலே குழந்தைக்கு இராமசாமி என்று பெயரிடுவார் அரியர். ரமேஷ் முதலிய குறும்பெயர்கள் அவ்விடத்தைப் பற்றின. ‘ரமேஷ்’ என்பது இராமனைக் குறிப்பதன்று. ரமையாகிய திருமகளின் நாயகனைக் குறிப்பது. பெயர்கள் மாறுதல் காலத்தின் இயல்பு. அதற்கு வருந்த வேண்டுவதில்லை. பாட்டன் பெயரைத் தாங்குபவன் ஆதலினாலே பேரனைப் ‘பெயரன்’ என்றனர் நம் முன்னோர். அம்முறை தளர்ந்த பின்னும், பிள்ளையின் பெயருக்கு முன்னே தந்தை பெயராகவோ ஓர் எழுத்தாகவோ இராமசாமி நின்றுகொண்டுதான் இருக்கிறான்.

அவனைக் காக்கும் பொறுப்பு ஆசிரியர் கையிலே பெரிதும் உளது. சப்பிரகமுவத் தோட்டப் பிள்ளைகளிற் பலர் சிங்கள மொழி சூழ்ந்த ஊர்களிலே வாழ்பவர். சிங்களப் பாடசாலைகளிற் பயில்வாரும் உளர். அவர்தம் பெயர் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதப்படுகிறது. பாடசாலையிற் சேர்க்கும் நாளிலே, பிறப்புச் சான்றிதழை எதிரில் வைத்து, தந்தை பெயரை மும்மொழியிலும் முரணின்றி எழுதுதல் சிறு பணியே. எனினும், அடையாள அட்டை கேட்டு அலையும் துன்பத்திலிருந்து அஃது ஒரு பிள்ளையைக் காக்கும். அவ்வமயம், “உன் பாட்டனார் பெயர் என்ன?” என்றும் கேட்டு எழுதி வைப்பாராயின், செக்றோலும் தகரவில்லையும் மறைத்த குடிவரலாறு அப்பிள்ளைகளின் ஏட்டிலேனும் நிலைபெறும்.