30 லிட்டர் சலுகை பியருக்கு, மின்பெட்டிக்கு அல்ல

சிங்கப்பூரில் வீட்டில் பியர் காய்ச்சிக் குடிப்பது குற்றமல்ல. 18 வயது நிரம்பியவர், தாம் குடியிருக்கும் வீட்டிலேயே, சொந்தப் பயன்பாட்டுக்காக, பியர், சைடர், பழ ஒயின் போன்ற நொதித்த மதுவகைகளைச் சுங்கத்துறை உரிமம் இல்லாமலும் தீர்வை கட்டாமலும் தயாரிக்கலாம். அளவு, வீட்டுக்கு மாதம் 30 லிட்டர். ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு. கணவன், மனைவி, உடன் தங்கியிருக்கும் தம்பி என மூன்று பெரியவர்கள் இருந்தாலும் அளவு 90 ஆகிவிடாது. கடையில் விற்கும் காய்ச்சும் தொகுப்புகள் பெரும்பாலும் ஒரு முறைக்கு 20 முதல் 23 லிட்டர் வரை தருபவை. ஒரே மாதத்தில் இரண்டு முறை காய்ச்சினால் வரம்பு தாண்டிவிடும். நடைமுறையில் இந்தச் சலுகை மாதம் ஒரு முறை காய்ச்சுவதற்கானது. இந்த எளிய கணக்கைப் போட்டுப் பார்க்காமல் இரண்டாவது பீப்பாயை நிரப்புகிறவர்கள் ஏராளம்.

விற்கக் கூடாது என்பது அடுத்த நிபந்தனை. "மால்ட், ஹாப்ஸ் வாங்கிய செலவை மட்டும் பகிர்ந்துகொள்கிறோம்" என்று நண்பர்களிடம் பணம் வாங்குவது பலருக்குத் தவறாகவே தெரிவதில்லை. காசு கைமாறிய பிறகு அது சொந்தப் பயன்பாடு என்று வாதாடுவது கடினம். பியருக்கான உள்நாட்டுத் தீர்வை, அதில் உள்ள மதுச்சாரத்தின் ஒவ்வொரு லிட்டருக்கும் 60 வெள்ளி. 5 விழுக்காட்டு பியர் 20 லிட்டரில் ஒரு லிட்டர் மதுச்சாரம் இருக்கும். ஏய்த்த தீர்வை, பொருள் சேவை வரி இரண்டையும் கூட்டி அதன் 20 மடங்கு வரை அபராதமும் இரண்டாண்டு வரை சிறையும் விதிக்கச் சுங்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. விற்க விரும்புகிறவர் சுங்கத்துறையிடம் உற்பத்தி உரிமமும் காவல்துறையிடம் மது விற்பனை உரிமமும் பெற வேண்டும். வீட்டுச் சமையலறையை வைத்துக்கொண்டு அந்த வழியில் போக முடியாது.

சாராயம் வடிப்பதற்கு இந்தச் சலுகையில் துளியும் இடமில்லை. நொதிக்க வைப்பது வேறு, நொதித்ததைக் கொதிக்கவிட்டு ஆவியைக் குளிர்வித்துப் பிடிப்பது வேறு. பியர் காய்ச்சும் எவர்சில்வர் பாத்திரத்தின் மேல் செம்புக் குழாய் மூடியைப் பொருத்திவிட்டால் கருவியின் பெயரே மாறிவிடுகிறது.

சட்டத்தைப் பற்றி இவ்வளவு விசாரிக்கிறவர்கள் மின்சாரத்தைப் பற்றி விசாரிப்பதில்லை. சுங்கத்துறை தந்திருக்கும் விலக்கு பியருக்கு மட்டுமே. அதைக் காய்ச்சக் கையால் கோத்த மின்பெட்டிக்கு யாரும் எந்த விலக்கும் தரவில்லை. 230 வோல்ட் மின்சாரம், வோர்ட் என்னும் கொதிக்கும் மால்ட் சாறு, ஈரத் தரை, வெறுங்கால் ஆகிய நான்கும் ஒரே இடத்தில் சேரும் பொழுதுபோக்கு இது.

வீட்டில் செய்யும் அமைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. 2,400 வாட் ஹீட்டர் காயில், அதைப் போட்டு நிறுத்த ஒரு சாலிட் ஸ்டேட் ரிலே, வெப்பம் அளக்க டிஎஸ்18பி20 உணரி, எல்லாவற்றையும் ஆட்டிவைக்க ஒரு ஆர்டுயினோ அல்லது ராஸ்ப்பெரி பை. ஒவ்வொன்றிலும் ஒரு குழி இருக்கிறது. சாலிட் ஸ்டேட் ரிலே கெட்டுப்போகும்போது பெரும்பாலும் மின்னோட்டத்தை நிறுத்துவதில்லை, நிரந்தரமாக விட்டுவிடுகிறது. திரையில் ஹீட்டர் அணைந்துவிட்டதாகக் காட்டும், பாத்திரம் கொதித்துக்கொண்டே இருக்கும். நல்ல நிலையில் உள்ள ரிலேகூட, அணைந்திருக்கும்போது சிறிதளவு மின்சாரத்தைக் கசியவிடும். ஆகவே கைப்பேசிச் செயலியில் அணைத்துவிட்டுக் காயிலைத் தொடுவது உயிரோடு விளையாடுவது. லைன், நியூட்ரல் இரண்டையும் ஒருசேரத் துண்டிக்கும் கைவிசை கட்டாயம் வேண்டும். அதை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே பாத்திரத்தில் கை வைக்க வேண்டும்.

உணரியின் குழி இன்னும் நுட்பமானது. டிஎஸ்18பி20இன் கம்பி அறுந்தால் பரவலாகப் பயன்படும் மென்பொருள் நூலகம் -127 டிகிரி என்ற எண்ணைத் தரும். மின்சாரம் வந்தவுடன் அளக்காமலே படித்தால் 85 என்று வரும். "வெப்பம் 66க்குக் கீழே இருந்தால் ஹீட்டரைப் போடு" என்று மட்டும் எழுதிய நிரல், -127ஐக் கடுங்குளிர் என்று எடுத்துக்கொண்டு முழு வேகத்தில் சூடாக்கும். இந்த இரண்டு எண்களையும் பழுது என்று கருதி ஹீட்டரை நிறுத்தும்படி நிரல் இருக்க வேண்டும். அதோடு, நிரலை நம்பாமல் தானாகத் துண்டிக்கும் வெப்பக் காப்பு ஒன்று பாத்திரத்திலேயே இருக்க வேண்டும். தண்ணீர் வற்றிய பாத்திரத்தில் காயில் சிவக்கும்போது நிரலால் எதுவும் செய்ய முடியாது.

எவர்சில்வர் பாத்திரத்துக்கு எர்த் கம்பி கொடுக்காமல் விடுவது எல்லாவற்றிலும் மோசமான பிழை. வீட்டு மின்பெட்டியில் உள்ள ஆர்சிசிபி என்னும் மின்கசிவுத் துண்டிப்பான், 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் மின்சாரத்தை நிறுத்தும். பாத்திரத்துக்கு எர்த் இருந்தால் காயில் வெடித்த கணமே கசிவு எர்த் வழியே ஓடித் துண்டிப்பான் விழுந்துவிடும். எர்த் இல்லாவிட்டால் பாத்திரம் மின்னேறியபடியே காத்திருக்கும். தொடுகிறவர் உடம்புதான் முதல் வழியாகும். ஒரு கையில் லைனும் மறு கையில் நியூட்ரலும் பட்டால் எந்த ஆர்சிசிபியும் காப்பாற்றாது.

1985 ஜூலைக்கு முன் கட்டப்பட்ட வீடுகள் சிலவற்றில் ஆர்சிசிபியே இல்லாமல் இருந்தது. 2025 ஜூலை 1க்குள் எல்லா வீடுகளிலும் அது இருந்தாக வேண்டும் என்று எரிசக்திச் சந்தை ஆணையம் விதித்தது. இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை. வாசலருகே உள்ள மின்பெட்டியைத் திறந்தால் 'டி' அல்லது 'டெஸ்ட்' என்று எழுதிய சிறு பொத்தான் தெரியும். அதை அழுத்தினால் விசை கீழே விழ வேண்டும். மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்க வேண்டும். விழாவிட்டால் அன்றே காய்ச்சுவதை நிறுத்திவிட்டு, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிட வேண்டும். அவர்களின் பட்டியலை ஆணையத்தின் இணையத்தளத்தில் தேடலாம். வருகிறவரின் உரிம அட்டையைக் கேட்டுப் பார்ப்பது மரியாதைக் குறைவல்ல. வேலை முடிந்ததும், என்ன செய்தார் என்பதை உரிம எண்ணுடன் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. சுவரில் புதிய இணைப்பு, புதிய மின்சுற்று, மின்பெட்டியில் மாற்றம் எதையும் உரிமம் இல்லாதவர் செய்யக் கூடாது. நண்பருக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியன் என்பது உரிமம் ஆகாது.

2,400 வாட் ஹீட்டர் ஏறக்குறைய பத்தரை ஆம்பியர் இழுக்கும். 13 ஆம்பியர் பிளக்கில் அது நேராகச் சுவர்த் துளையில் போகலாம். நீட்டிப்புக் கம்பியில், அதுவும் பம்பும் அரிசி குக்கரும் சேர்ந்திருக்கும் பலவழிப் பெட்டியில், போகக் கூடாது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) பழைய வீடுகள் பலவற்றில் முதன்மை விசையே 30 ஆம்பியர்தான். குளிரூட்டியும் குளியலறை ஹீட்டரும் ஓடும் நேரத்தில் காய்ச்ச வேண்டாம். வாங்கும் பிளக், அடாப்டர், நீட்டிப்புக் கம்பி ஆகியவற்றில் சிங்கப்பூர்ப் பாதுகாப்புக் குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சிங்கப்பூர் வெப்பத்தில் ஏல் வகை ஈஸ்டுக்குத் தேவையான 18 முதல் 20 டிகிரியைப் பெறப் பழைய குளிர்சாதனப் பெட்டியை வாங்குவது வழக்கம். உணரிக் கம்பியை உள்ளே விட அதன் பக்கச் சுவரில் துளையிடுகிறார்கள். அந்தச் சுவருக்குள் குளிர்வாயுக் குழாய்கள் ஓடக்கூடும். இன்றைய பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன், தீப்பற்றும் வாயு. துளையும் வேண்டாம், பொறி கிளப்பும் ரிலேயைப் பெட்டிக்குள் வைக்கவும் வேண்டாம். மெல்லிய கம்பி கதவின் ரப்பர் ஓரம் வழியாகவே நுழைந்துவிடும்.

நொதிக்கும் பீப்பாயை வீட்டுப் பாதுகாப்பறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துவது இன்னொரு வழக்கம். இருட்டு, மணம் வெளியே வராது என்பது காரணம். நடுத்தர வலிமை பியர் 20 லிட்டர் நொதிக்கும்போது சுமார் 800 கிராம் கார்பன் டைஆக்சைடு, அதாவது 400 லிட்டருக்கு மேல் வாயு, சில நாட்களில் வெளியேறும். காற்றோட்டமில்லாத சிற்றறைக்கு அது அதிகம். பியரில் ஏற்றும் கார்பன் டைஆக்சைடு உருளையை அங்கே வைத்து, அது கசிந்தால் நிலைமை இன்னும் கொடியது. காற்றில் 10 விழுக்காடு சேர்ந்தால் மனிதர் நினைவிழந்து விழுவார். உருளையைக் காற்றோட்டமுள்ள இடத்தில் நிமிர்த்திக் கட்டி வைக்க வேண்டும், பாதுகாப்பறையில் வைக்கவே கூடாது.

புதுச் செய்முறைகளில் அதிகம் காயப்படுத்துவது புட்டி. மாம்பழக் கூழ், குலா மலாக்கா, தேன் சேர்த்த பியரை அவசரமாக அடைத்தால், மிச்சமிருக்கும் சர்க்கரை புட்டிக்குள் நொதித்துக் கண்ணாடி வெடிக்கும். அடர்த்திமானி மூன்று நாள் தொடர்ந்து ஒரே எண்ணைக் காட்டிய பிறகே அடைக்க வேண்டும். நாள் கணக்கை நம்பக் கூடாது, மானியை நம்ப வேண்டும். ஒருமுறை மட்டும் பயன்படுத்தத் தயாரித்த மெல்லிய புட்டிகள் வேண்டாம். முதல் முயற்சிகளைப் பிளாஸ்டிக் சோடாப் புட்டியில் அடைத்தால், கல்லாக இறுகுவது விரலுக்குத் தெரியும். லாக்டோஸ், நிலக்கடலை, கோதுமை சேர்த்திருந்தால் குடிக்கக் கொடுக்கும் முன் வாயால் சொல்ல வேண்டும். ஹாப்ஸ் சக்கை நாய்க்கு நஞ்சு. பிளீச்சையும் அமிலக் கிருமிநீக்கியையும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

மின்சாரம் தாக்கியவரைத் தொடாமல் முதலில் முதன்மை விசையை அணைத்து, பிறகு 995ஐ அழைக்க வேண்டும். விபத்துக்குப் பின் பெட்டியைப் பிரித்துச் சரிசெய்யக் கூடாது. இருந்தபடியே படமெடுத்து, பற்றுச்சீட்டோடு வைத்திருக்க வேண்டும். கடையில் வாங்கிய கருவியில் ஆறு மாதத்துக்குள் தெரியவந்த குறை, வாங்கும்போதே இருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு. முதலில் அவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறுத்தால் பயனீட்டாளர் சங்கத்தின் உதவியை நாடலாம், அல்லது சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் இணையம் வழி மனுச் செய்யலாம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை, இரண்டாண்டுக்குள், வழக்கறிஞர் இல்லாமல் கொண்டுபோகலாம். 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டுவது 10 வெள்ளி. கம்பியை வெட்டி மாற்றிக் கட்டிய கருவிக்கு இந்த ஆறு மாத வாதம் நிற்பது அரிது. வீவகவின் தீக்காப்புறுதி கட்டடத்தின் மூல அமைப்புக்கு மட்டுமே, எரிந்த சாமானுக்கோ புதுப்பிப்பு வேலைக்கோ அல்ல.

இந்த 30 லிட்டர் சலுகை சிங்கப்பூர் எல்லைக்குள் மட்டும் செல்லும். விடுமுறைக்குச் சென்னை செல்லும்போது தொகுப்பையும் ஈஸ்டையும் எடுத்துப்போய் உறவினர் வீட்டில் காய்ச்சிக் காட்டுவது குற்றம். 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் மது தயாரிப்பதைத் தடை செய்கிறது. தயாரிக்கும் நோக்கத்தோடு கருவிகளையும் பொருள்களையும் வைத்திருப்பதும் அதன்படி தண்டனைக்குரியது.